ஞாயித்துக்கிழமை யாருக்கு டியூட்டி? இங்கிலாந்து போன ஒரு குமரி மாவட்டக் குடும்பம்: நிகழ்வு ஆய்வு

மொதல்லயே சொல்லிடறேன், இது ஒரே ஒரு குடும்பத்தோட கேஸ், இத வச்சு வெளிநாடு போன கிறிஸ்தவக் குடும்பம் எல்லாம் இப்படித்தான்னு யாரும் முடிவு கட்ட வேணாம். பேரு, ஆஸ்பத்திரி, டவுன் எதுவும் இருக்காது, மனைவிய அக்கான்னும் புருஷன அண்ணன்னும் எழுதிட்டுப் போறேன், நேர்லயும் அப்படித்தான் கூப்பிடுறேன். எதுக்கு இவங்கள எடுத்தேன்னா, வெளிநாட்டுக்குப் போனா விசுவாசம் கொறஞ்சிடும், பிள்ளைங்க கெட்டுப் போயிடும்னு நம்ம ஊர் கன்வென்ஷன் மேடைல வருஷா வருஷம் பேசுறாங்களே, அந்தப் பேச்சு இவங்க வீட்டுல நடந்த எதுக்கும் சரியா பொருந்தல. இவங்க வீட்டுல மொதல்ல மாறினது டைம்டேபிள்தான், மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி ஒண்ணொண்ணா வந்துச்சு.

அக்கா பி.எஸ்சி நர்சிங், தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவுல ஒரு ஊரு, அங்க இருந்த வரைக்கும் தனியார் ஆஸ்பத்திரிலதான் வேலை. அண்ணன் தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல மெக்கானிக்கல் லெக்சரர், அட்மிஷன் கொறஞ்சதும் சம்பளம் ரெண்டு மாசம் மூணு மாசம்னு இழுக்க ஆரம்பிச்சாச்சு, குமரி மாவட்டத்துல இந்தக் கதை கேக்காத வீடு கம்மி. ஆனா ஊருக்குள்ள அவரோட அந்தஸ்து காலேஜால வந்தது கிடையாது. சி.எஸ்.ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைல செயலாளர், கொயர்ல டெனர், ஓய்வுநாள் பள்ளி வாத்தியார், கல்யாண ஓலை வாசிக்கிறதுல இருந்து கல்லறைத் தோட்டத்துல எடம் பாக்குறது வரைக்கும் அவரக் கேக்காம ஒண்ணும் நடக்காது. பொண்ணுக்கு அப்போ 7 வயசு, பையனுக்கு 3 நெருங்குது.

2022 ஜூன்ல அக்கா மட்டும் தனியா கெளம்பி இங்கிலாந்து வந்தாங்க, ஹெல்த் அண்ட் கேர் விசா. ஓ.இ.டிங்கற இங்கிலீஷ் பரீட்சை, சி.பி.டிங்கற கம்ப்யூட்டர் பரீட்சை ரெண்டும் ஊர்லயே முடிச்சாச்சு, இங்க வந்து ஓஸ்கிங்கற செய்முறைப் பரீட்சை பாஸ் ஆகி, நர்ஸா பதிவான பின் நம்பர் வர்ற வரைக்கும் சம்பளத் தரம் பேண்ட் 4, அதுக்கப்புறம் பேண்ட் 5. அண்ணனும் பிள்ளைங்களும் 2023 ஜனவரில டிபென்டென்ட் விசால வந்து சேர்ந்தாங்க, மைனஸ் டெம்பரேச்சர்ல, காட்டன் ஸ்வெட்டரோட.

இங்க ஒரு சின்ன சங்கதி. 2011 சென்சஸ்ல குமரி மாவட்டத்துல கிறிஸ்தவங்க 46.85 சதவீதம். 2021 சென்சஸ்ல இங்கிலாந்து வேல்ஸ்ல தன்னை கிறிஸ்தவன்னு சொன்னவங்க 46.2 சதவீதம். பேப்பர்ல பாத்தா ஒரு கிறிஸ்தவ ஊர்ல இருந்து இன்னொரு கிறிஸ்தவ ஊருக்கு வந்த மாதிரிதான், அண்ணனும் அப்படி நெனச்சுத்தான் வந்தாரு. அங்க 46 சதவீதம்னா காலைல 5 மணிக்கு மணியோச, தெருவுக்கு ஒரு கோவில், ஞாயிறு காலைல ரோட்ட அடைச்சு நிக்கிற பைக். இங்க 46 சதவீதம்னா பெரும்பாலும் சென்சஸ் ஃபாரத்துல ஒரு டிக். எந்த மதமும் இல்லன்னு சொன்னவங்களே 37.2 சதவீதம் இருக்காங்க. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு அந்தக் காலத்துல இங்கிலாந்துல இருந்து டாக்டருங்க வந்தாங்க, 1922லயும் 1924லயும் எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டரப் பத்தி எங்க பக்கத்துல தெரியாதவங்க இல்ல, இப்ப அதே பக்கத்துல இருந்து நர்ஸுங்க இங்க வந்து வெள்ளைக்காரத் தாத்தாவுக்கு டிரிப்ஸ் மாத்துறாங்க. அக்கா இத சிரிச்சிட்டே சொல்லுவாங்க, எனக்கு அதுல சிரிப்பு மட்டும் இருக்கறதா தோணல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன், ஞாயித்துக்கிழமை கணக்கு. இங்கிலாந்துல என்.எச்.எஸ்ங்கற அரசு மருத்துவத் துறைல பேண்ட் 5 நர்ஸுக்கு வீக்டேல ராத்திரி 8 மணிக்கு மேலயும் சனிக்கிழமையும் வேலை பாத்தா 30 சதவீதம் கூட, ஞாயித்துக்கிழமையும் பேங்க் ஹாலிடேயும் பாத்தா 60 சதவீதம் கூட. 2022-23ல பேண்ட் 5 ஆரம்ப சம்பளம் வருஷத்துக்கு 27,055 பவுண்ட், மணிக்கு 13.84 கிட்ட வரும். லாங் டே ஷிஃப்ட்ல பிரேக் போக 11.5 மணி நேரத்துக்கு சம்பளம்னு வச்சா ஒரு ஞாயிறுக்கு மட்டும் 95 பவுண்ட் எக்ஸ்ட்ரா, டேக்ஸ் பிடிக்கிறதுக்கு முன்னாடி. மாசத்துக்கு ரெண்டு ஞாயிறுன்னா 190. பென்ஷன், டேக்ஸ், நேஷனல் இன்சூரன்ஸ் எல்லாம் பிடிச்சு கைக்கு 1,700 பக்கம் வர்ற வீட்டுல, வாடகையே 800 போற வீட்டுல, பப்ளிக் ஃபண்ட்ஸ் (அரசு உதவித்தொகை) கெடையாதுன்னு விசாலயே போட்டிருக்கறதால சைல்ட் பெனிஃபிட்டும் கேக்க முடியாத வீட்டுல, அந்த 190 என்னன்னு யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. ஊர்லயும் அக்கா ஞாயிறு டியூட்டி பாத்தவங்கதான், ஆனா அங்க அதுக்கு தனியா ஒரு பைசா கிடையாது, அதனால முடிஞ்ச வரைக்கும் கெஞ்சிக் கூத்தாடி மாத்திக்கிட்டு கோவிலுக்குப் போயிடுவாங்க. இங்க வந்தப்புறம்தான் ஞாயிறுக்கு ஒரு வெலை இருக்குன்னு கண்ணு முன்னாடி பேஸ்லிப்ல தெரிஞ்சது.

ஞாயிறு லீவு கேட்டு வாங்கலாமேன்னு ஊர்ல இருந்து நெறைய பேரு சொன்னாங்க. கேக்கலாம், ரோட்டாங்கற டியூட்டி லிஸ்ட்ல ரெக்வெஸ்ட் போடலாம், வார்டு மேனேஜர் முடிஞ்சா குடுப்பாங்க. உரிமையா வாங்க முடியாது. 2013ல அப்பீல் கோர்ட்ல ஒரு கேஸ் முடிஞ்சது, லண்டன்ல மெர்டன் கவுன்சில் (உள்ளாட்சி) நடத்துற குழந்தைகள் இல்லத்துல வேலை பாத்த ஒரு கிறிஸ்தவப் பெண் ஞாயிறு வேலை செய்ய முடியாதுன்னு போராடித் தோத்தாங்க, வேற வழியில ஆள் போட முடியாத எடத்துல முதலாளி கேக்கறது நியாயந்தான்னு கோர்ட் சொல்லிடுச்சு. நோயாளிக்கு ஞாயிறு லீவு கிடையாது, அது அக்காவுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

குடும்பம் வந்த மொத நாலு மாசம் ரெண்டு பேருமே ஞாயிறு ஆராதனைக்குப் போகல. அண்ணனுக்குக் கெடச்ச மொத வேலை ஏஜென்சி மூலமா வேர்ஹவுஸ் நைட் ஷிஃப்ட், வெள்ளி சனி ராத்திரி 10ல இருந்து காலை 6 வரைக்கும், அக்கா டியூட்டிக்கும் பிள்ளைங்களுக்கும் இடிக்காம அந்த ஒரு ஸ்லாட்தான் சரிப்பட்டுச்சு. ஞாயிறு காலைல அவரு வந்து படுக்கறப்போ அக்கா கெளம்பி அரை மணி நேரம் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாங்க, நடுவுல அந்த இடைவெளிக்கு கீழ் வீட்டுல இருந்த ஒரு மலையாளி நர்ஸ் வந்து பிள்ளைங்களோட இருப்பாங்க. சபை செயலாளர் ஞாயிறு காலை 10 மணிக்கு சோபால தூங்குறாரு, பிள்ளைங்க பக்கத்துல கார்ட்டூன் பாக்குது. கார் கிடையாது, அந்த டவுன்ல ஞாயிறு மொத பஸ்ஸே 10 மணிக்கு மேலதான். தமிழ் ஃபெல்லோஷிப் 35 மைல் தள்ளி. ஊருக்கு போன் பண்றப்போ "கோவிலுக்குப் போனியளா மக்கா"ன்னு அண்ணனோட அம்மா கேப்பாங்க, "ஆன்லைன்ல பாத்தோம்"னு பதில். பாதி நாள் அதுவும் பாத்திருக்க மாட்டாங்கன்னு அக்காவே சொன்னாங்க.

மாற்றம் எங்க இருந்து வந்துச்சுன்னா ஒரு புதன்கிழமைல இருந்து. பையனுக்கு 3 வயசு முடிஞ்சாச்சு, இங்க 3, 4 வயசுப் பிள்ளைங்களுக்கு வாரத்துக்கு 15 மணி நேரம் ஃப்ரீ நர்சரி இருக்கு, ஆனா பக்கத்து நர்சரில எடம் ஈஸ்டருக்கு அப்புறம்தான்னு சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் ஒரு பையனோட வீட்டுக்குள்ள அடஞ்சு கிடக்க முடியாம அண்ணன் நடந்து போறப்போ ஒரு சர்ச் ஹால் வாசல்ல டாட்லர் குரூப்னு போர்டு பாத்திருக்காரு, சின்னப் பிள்ளைங்கள கூட்டிட்டு வந்து விளையாட விடற எடம், புதன் காலை 9.30ல இருந்து 11.30, ஒரு பவுண்ட், டோஸ்ட்டும் டீயும் உண்டு. உள்ள போனா பதினஞ்சு அம்மாமாரும் நாலு பாட்டிமாரும், ஆம்பளன்னு இவரு ஒருத்தர்தான். மொத வாரம் மூலைல நின்னாரு. ரெண்டாவது வாரம் ஒடஞ்சு போன ஒரு பொம்மை வண்டிய வாங்கி சரி பண்ணிக் குடுத்திட்டாரு, மெக்கானிக்கல் லெக்சரராச்சே. அதுக்கப்புறம் அந்தப் பாட்டிமாருக்கு இவரு ஊர்ப்பிள்ள. அது சர்ச் ஆஃப் இங்கிலாந்து கோவில், நாலஞ்சு வாரம் கழிச்சு அங்க போதகரா இருக்கற விகாரே வந்து டீ குடிச்சிட்டு நீங்க எந்த சபைன்னு கேட்டப்போதான் இவரு சி.எஸ்.ஐன்னு சொன்னாரு, அவருக்கு சி.எஸ்.ஐ தெரிஞ்சிருந்துச்சு. 1947 செப்டம்பர் 27 மெட்ராஸ்ல ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டீரியன் எல்லாம் ஒண்ணாச் சேர்ந்த சபைங்கறது இங்க தியாலஜி படிச்சவங்களுக்கு பாடம்.

ஒரு பக்கவாட்டு விஷயம். திருநெல்வேலி சி.எஸ்.ஐ ஆளுங்களுக்கு இங்க ஆங்கிலிக்கன் கோவில் அவ்வளவு அன்னியமா இருக்காது, அவங்க வழிமுறையே அங்க இருந்து வந்தது. குமரி மாவட்டம் எல்.எம்.எஸ்ங்கற லண்டன் மிஷன், ரிங்கல்தவுபே மிஷனரி மைலாடிக்கு வந்த காலத்துல இருந்தே காங்கிரிகேஷனல் பாணி. வம்சப்படி பாத்தா இங்க இவங்களுக்கு நெருக்கம் 1972ல காங்கிரிகேஷனலும் பிரஸ்பிட்டீரியனும் சேந்து உருவான யுனைடெட் ரிஃபார்ம்டு சர்ச்தான். ஆனா வீட்டுக்குப் பக்கத்துல எது இருக்கோ, எதுல டோஸ்ட் குடுக்குறாங்களோ, அங்கதான் குடும்பம் போகும். வேற நாட்டுல இருந்து வந்தவங்க சபை தேர்ந்தெடுக்கறதுல கொள்கைய விட நடக்குற தூரம் பெருசுன்னு இந்தக் கேஸ்ல தெளிவாத் தெரியுது.

மே மாசத்துல இருந்து அண்ணன் வேர்ஹவுஸ விட்டுட்டு ஒரு ஸ்கூல்ல மதியச் சாப்பாட்டு நேரம் பாத்துக்கற வேலைக்கு மாறினாரு, காசு கம்மி, ஆனா ஞாயிறு முழிச்சிருப்பாரு. கோவில்ல 10 மணி ஆராதனை ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும், முப்பது நாப்பது பேரு, பாதிப் பேரு எழுபது தாண்டினவங்க. ரெண்டு மணி நேரத்துக்குக் கொறையாத ஆராதனைக்குப் பழகினவருக்கு உக்காந்த எடம் சூடாகறதுக்குள்ள ஆசீர்வாதம் சொல்லிட்ட மாதிரி இருந்துச்சாம். திருவிருந்துல எந்தத் தடையும் இல்ல, வேற சபைல முறையா திருவிருந்து எடுக்கறவங்களுக்கு இங்க அனுமதி உண்டு. பிரச்சினை வந்தது சண்டே ஸ்கூல்ல. பிள்ளைங்க அஞ்சாறு பேருதான், எடுக்க ஆள் இல்ல, இவரு நான் எடுக்கறேன்னு கைய தூக்கினாரு. சந்தோஷம், ஆனா மொதல்ல டி.பி.எஸ் செக் (குற்றப் பின்னணி சோதனை) வேணும், ரெண்டு ரெஃபரன்ஸ் வேணும், பிள்ளைங்க பாதுகாப்புக்கான சேஃப்கார்டிங் டிரெய்னிங் முடிக்கணும், அதுக்கப்புறமும் தனியா ஒரு ஆளா பிள்ளைங்களோட இருக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. இவருக்கு முகம் செத்துப் போச்சு. எத்தன வருஷம் ஓய்வுநாள் பள்ளி எடுத்தவன், எங்கிட்டயே போலீஸ் வெரிஃபிகேஷன் கேக்குறாங்கன்னு ரெண்டு வாரம் கோவில் பக்கமே போகல. அக்காதான் சொன்னாங்க, "எனக்கும் அதே செக் பண்ணித்தான வார்டுக்குள்ள விட்டாங்க, உங்களுக்கு மட்டும் என்ன?" என் கருத்த கேட்டா, இந்த ஒரு விஷயத்துல நம்ம ஊர் சபைங்க இங்க பாத்துக் கத்துக்க நெறைய இருக்கு, நல்லவருன்னு எல்லாருக்கும் தெரியும்ங்கறது பிள்ளைங்களப் பாதுகாக்கற முறை ஆகாது. அவரு டிரெய்னிங் முடிச்சு செப்டம்பர்ல சேர்ந்துட்டாரு.

தமிழ் ஃபெல்லோஷிப்ப பத்தி சொல்லாம விட முடியாது. மாசத்துக்கு ஒரு ஞாயிறு மதியம் 3 மணிக்கு, ஒரு மெத்தடிஸ்ட் ஹால் வாடகைக்கு எடுத்து நடக்குது. நாகர்கோவில், பாளையங்கோட்டை, மதுரை, யாழ்ப்பாணம், சி.எஸ்.ஐ, லுத்தரன், பெந்தெகொஸ்தே எல்லாம் ஒரே ஹால்ல. கீர்த்தனையா புதுப்பாட்டா, முக்காடு போடணுமா வேணாமா, நகை போட்டவங்க ஸ்டேஜ்ல நின்னு பாடலாமா, இந்த மூணு சண்டையும் ரொட்டேஷன்ல வரும். அக்கா அங்க போனதும் ஆர்மோனியத்தோட பாட்டு ஆரம்பிச்ச உடனே அழுதுட்டாங்க, அது அவங்களுக்கே எதிர்பாராதது. ஆராதனை முடிஞ்சு மரச்சீனிக் கெழங்கும் மீன்கறியும் சாப்பிடுறப்போதான் எந்த வார்டுல வேகன்சி, எந்த லெட்டிங் ஏஜென்ட் ஆறு மாச வாடகை அட்வான்ஸ் கேக்க மாட்டான், டிரைவிங் தியரில 50க்கு 43 எடுக்க எந்த ஆப் நல்லாருக்கு, எல்லாம் கெடைக்கும். ஆனா "எந்த சேகரம், யாரு வீடு"ன்னு ஒரு கேள்வியும் கூட வரும், சேகரம்னா ஒரு போதகருக்குக் கீழ இருக்கற சபைங்க, ஊர் தெரிஞ்சிக்கறதுக்கு மட்டும் கேக்குற கேள்வி இல்ல அது, கேக்குறவருக்கும் தெரியும் பதில் சொல்றவருக்கும் தெரியும். எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தும் இத கைல பிடிச்சுட்டு வந்திருக்கோம். அண்ணன் பதில் சொல்லாம பேச்ச மாத்திடுவாரு.

பிள்ளைங்க பக்கம் வேற மாதிரி. பொண்ணுக்கு நடுவருஷ அட்மிஷன்ல கவுன்சில் குடுத்தது சாதாரண கம்யூனிட்டி ஸ்கூல், சர்ச் ஸ்கூல் கிடையாது. தீபாவளி பாடம் நடத்தி களிமண்ல வெளக்கு செய்ய வச்சு அனுப்பினாங்க, அது ஜன்னல்ல இருந்தத வீடியோ கால்ல பாத்துட்டு பாட்டி "என்னது மக்கா இது, இங்கிலீஷ்காரன் ஊருக்குப் போயி வெளக்கு வைக்கிறியளா"ன்னு கேட்டாங்க. இன்னொண்ணு ஹாலோவீன், பேய் வேஷம் போட்டு வீடு வீடா மிட்டாய் கேக்குற நாள். அண்ணன் ஒரேயடியா முடியாதுன்னாரு, அக்கா மிட்டாய் வாங்கறதுதானன்னாங்க, 2023 அக்டோபர் 31 ராத்திரி முன் ரூம் லைட்ட அணைச்சிட்டு எல்லாரும் பின் ரூம்ல உக்காந்திருந்தாங்க, வாசல்ல யாரோ தட்டத் தட்ட பையன் சிரிக்க, பொண்ணு அழ. அடுத்த வருஷம் அதுக்குப் பதிலா கோவில்லயே லைட் பார்ட்டி வச்சாங்க, பிள்ளைங்க அங்க போச்சு, அப்படியே பிரச்சினை அடங்கிடுச்சு. ஆனா உண்மையான இழுபறி ஹாலோவீன்ல இல்ல, ஞாயிறு காலை பர்த்டே பார்ட்டில இருக்கு. கூடப் படிக்கிற பிள்ளைங்களோட பார்ட்டி, ஃபுட்பால், நீச்சல் எல்லாம் ஞாயிறு 10 மணிக்குத்தான் வைக்கிறாங்க. மூணு பார்ட்டிய வேணாம்னு சொன்னா நாலாவதுக்கு கூப்பிட மாட்டாங்க. ஒரு நாள் பொண்ணு கேட்டது, "அம்மா மட்டும் ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போலாம், நான் பார்ட்டிக்குப் போகக் கூடாதா?" இந்தக் கேள்விக்கு அந்த வீட்டுல யாருகிட்டயும் பதில் இல்ல. மாசத்துக்கு ஒண்ணு போலாம்னு ஒரு ஒப்பந்தம் ஆச்சு.

குடும்ப ஜெபம்தான் டைம்டேபிள் மாற்றத்துல ரொம்ப அடி வாங்கினது. ஊர்ல ராத்திரி 8.30க்கு ஜெபம், பாட்டி அந்த நேரத்துலதான் வீடியோல சேருவாங்க. நாகர்கோவில்ல 8.30ன்னா இங்க குளிர்காலத்துல மதியம் 3 மணி, ஸ்கூல் கேட்டுல நிக்கிற நேரம். கோடைல 4 மணி. கொஞ்ச நாள் அண்ணன் நடந்துக்கிட்டே போனப் பிடிச்சு சங்கீதம் வாசிச்சிருக்காரு, பிள்ளைங்கள ரோடு கடக்க விடற லாலிபாப் மேடம் ரோட்டுல கைய காட்டி நிறுத்தறப்போ பாட்டி ஆமென் சொல்லிட்டு இருப்பாங்க. அப்புறம் அது சனி ஞாயிறுக்கு மட்டும்னு ஆச்சு. வாரநாள்ல 7 மணிக்கு அண்ணனும் பிள்ளைங்களும், அக்கா லாங் டேன்னா வீட்டுக்கு வரவே 8.30 ஆகும். பொண்ணு இங்கிலீஷ்ல ஒரு அதிகாரம், அண்ணன் தமிழ்ல ஒரு சங்கீதம். ஊர்ல ஜெபம் நடத்துறது அம்மாமாரு வேலையா இருந்துச்சு, ஆம்பளைங்க கமிட்டி பாப்பாங்க. இங்க அது அப்படியே அண்ணன் கைக்கு வந்திருச்சு. சோறு வடிக்கிறது, ஜடை பின்றது, ஜெபம் மூணும் ஒரே ஆளு. அக்காவுக்கு இதுல நிம்மதியும் இருந்துச்சு, பொறாமையும் இருந்துச்சுன்னு நேரடியா சொன்னாங்க, பையன் ராத்திரி பயந்து எழுந்தா "டாடி ப்ரே"ன்னுதான் கூப்பிடுவானாம்.

காசு விஷயம் சுருக்கமா. ஊர்ல கோவில் புதுசா கட்டுறாங்க, வெளிநாட்டுல இருக்கறவங்க பேருக்கு தனி லிஸ்ட், அசனத்துக்கு (கோவில் பொது விருந்து) ஒரு மூட்டை அரிசி தனி. இங்க பாரிஷுக்கு (பக்கத்து ஆங்கிலிக்கன் கோவில்) குடுத்தா கிஃப்ட் எய்டுங்கற திட்டத்துல ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசாங்கம் 25 பென்ஸ் சேத்துக் குடுக்கும், ஊருக்கு அனுப்பினா அது கிடையாது. தசமபாகத்த எங்க குடுக்கறதுன்னு ஆறு மாசம் பேசி பாதி பாதின்னு முடிவாச்சு. ஊர்ல யாருக்கும் இது தெரியாது, தெரிஞ்சா லிஸ்ட்ல கேக்குற தொகை கூடும்.

இந்தக் கேஸ்ல முக்கியமான சம்பவம் 2024 பிப்ரவரில. அண்ணனோட அப்பா திடீர்னு தவறிட்டாரு, ஹார்ட் அட்டாக். மூத்த மகன் வரட்டும்னு ஃப்ரீசர் பாக்ஸ்ல ரெண்டு நாள் வச்சாங்க, இவரு பர்மிங்ஹாம்ல ஏறி துபாய் மாறி திருவனந்தபுரம் எறங்கி நேரா போயி சேந்துட்டாரு. அடக்கம் முடிஞ்சு காரியம், சொத்து, அம்மாவ யாரு பாத்துக்கறதுங்கற பேச்சு எல்லாம் சேத்து பத்து நாள். நான் சொல்ல வர்றது இங்க நடந்தத. அக்காவுக்கு அந்த பத்து நாள்ல அஞ்சு லாங் டே ஷிஃப்ட், ரெண்ட வார்டுல மாத்திக் குடுத்தாங்க, மிச்சம் மூணு. காலை 6.45க்கு வீட்ட விட்டுக் கெளம்பினா ராத்திரி 8.30, பையனுக்கு நர்சரி பாதி நாள்தான், பொண்ணுக்கு ஸ்கூல் 3.15 வரைக்கும்.

தகவல் தெரிஞ்ச அன்னிக்கு ராத்திரியே தமிழ் ஃபெல்லோஷிப்ல இருந்து ரெண்டு கார்ல ஆளு வந்தாங்க, இட்லி சாம்பார், பிள்ளைங்களுக்கு பால், 11 மணி வரைக்கும் பாட்டு ஜெபம். அக்கா சொன்னாங்க அன்னிக்கு அவங்க வரலன்னா நான் ஒடஞ்சு போயிருப்பேன்னு. ஆனா அடுத்த நாள்ல இருந்து அவங்க யாராலயும் வர முடியல, வர மனசு இல்லாம கிடையாது, எல்லாருமே நர்ஸ், கேரர், வேர்ஹவுஸ், எல்லாருக்கும் அவங்கவங்க ஷிஃப்ட், 35 மைல். செவ்வாய்க்கிழமை காலைல 6.45க்கு வந்து நின்னது டாட்லர் குரூப் பாட்டிமாருல ஒருத்தங்க, ரிட்டையர்டு ஸ்கூல் செக்ரட்டரி. பையன நர்சரில விட்டு மதியம் கூட்டிட்டு வந்து அவங்க வீட்டுல வச்சுக்கிட்டாங்க, மூணு நாளும். பொண்ண கூடப் படிக்கிற பிள்ளையோட அம்மா பாத்துக்கிட்டாங்க, சாயங்காலம் அந்தக் கீழ் வீட்டு மலையாளி நர்ஸ். அவங்க சீரோ மலபார் கத்தோலிக்கர், டியூட்டி முடிஞ்சு வந்து ஜெபமாலை சொல்லி பிள்ளைங்கள தூங்க வச்சிருக்காங்க, சி.எஸ்.ஐ வீட்டுல. பாட்டிக்கு இது இன்னும் தெரியாது.

ஊர்ல இதே மாதிரி ஒரு சாவுன்னா இந்த எல்லா வேலையும் ஒரே எடத்துல இருந்து வந்திருக்கும், சபை. அழறதுக்கு ஆளு, சோறு, பிள்ளைங்களப் பாக்க, காசு மாத்த, எல்லாம். யாரும் அத உதவின்னு கூட சொல்ல மாட்டாங்க, கணக்குலயே வராது. அது பக்கத்துல இல்லாம போனப்புறம்தான் ஒரு சபை எத்தன வேலைய சத்தமில்லாம பாத்துட்டு இருந்துச்சுன்னு தெரியுது. இவங்க இங்க செஞ்சது, அந்த ஒரு சபைய மறுபடி கண்டுபிடிக்கறது கிடையாது, அத துண்டு துண்டா நாலு எடத்துல சேத்து வச்சுக்கிட்டாங்க. மனசுக்கு தமிழ் ஃபெல்லோஷிப், வாரநாளுக்கு பாரிஷ், அவசரத்துக்கு மலையாளி வீடு, வம்சத்துக்கு வாட்ஸாப்ல ஊர் சபை. வெள்ளைக்காரன் சர்ச் செத்துப் போச்சுன்னு ஈஸியா சொல்றோம், நானும் சொல்லக் கேட்டிருக்கேன், ஞாயிறு காலை தலைய எண்ணினா அது உண்மை மாதிரிதான் இருக்கும். புதன்கிழமை டாட்லர் குரூப், வெள்ளிக்கிழமை ஃபுட் பேங்க், குளிருல வயசானவங்களுக்கு சூடான ரூம், இதெல்லாம் பாதிப் பேரு எழுபது தாண்டின அந்த முப்பது நாப்பது பேருதான் தூக்கிட்டு நிக்கிறாங்க. அவங்களுக்கு அப்புறம் யாருங்கறது வேற கேள்வி, அதுக்கு அவங்ககிட்டயும் பதில் இல்ல, ஆனா இப்ப அந்தக் கோவில்ல பிள்ளைங்கள கூட்டிட்டு வர்ற குடும்பங்கள்ல பாதி குமரி, கேரளா, நைஜீரியா.

இந்தக் கேஸ்ல சரியாகாத விஷயமும் இருக்கு. அண்ணனோட வேலை இன்னும் படிப்புக்கு ஏத்த வேலை கிடையாது, இப்ப டீச்சிங் அசிஸ்டென்ட், ஸ்கூல் லீவுல சம்பளக் கணக்கு இடிக்கும். அவரு ஊர்ல முன்வரிசை ஆளு, இங்க ஆராதனை முடிஞ்சு காபி போடுற ரோட்டால பேரு போட்டப்போ ஒரு வருஷம் தயங்கினாரு. 2025ல பாரிஷ் கவுன்சிலுக்கு தேர்ந்தெடுத்துட்டாங்க, இப்ப கூரை ஒழுகறதப் பத்தி மீட்டிங், பழைய கட்டடம், ஓடு மாத்த டயோசிஸ்ல ஃபேக்கல்ட்டின்னு ஒரு பெர்மிஷன் வாங்கணும், மாசக்கணக்கா ஃபைல் நகரல. இதச் சொல்றப்போ அவரு மொகத்துல பழைய சபை செயலாளர் திரும்பி வந்திடுறாரு, பேராயர் ஆபீஸ் எங்க போனாலும் பேராயர் ஆபீஸ்தான்னு சிரிக்கிறாரு. அக்கா ஞாயிறு இன்னும் ரெண்டு ஷிஃப்ட் பாக்குறாங்க, விடல. விடறதுக்கு இப்ப வாய்ப்பும் இல்ல, ஐ.எல்.ஆர்ங்கற நிரந்தரமா தங்கற அனுமதிக்கு ஃபீஸ் 2025ல தலைக்கு 3,029 பவுண்ட், நாலு பேருக்கு 12,000 தாண்டிச்சு, அஞ்சு வருஷத்துல முடிஞ்சிரும்னு கணக்கு போட்டு வச்சிருந்தாங்க, 2025 மே மாசம் அரசாங்கம் விட்ட வெள்ளை அறிக்கைல அத 10 வருஷமாக்குற பேச்சு வந்ததுல இருந்து வீட்டுல எந்த பிளானும் உறுதியா பேச மாட்டேங்கறாங்க.

கடைசியா நடந்தது செகண்டரி ஸ்கூல் ஃபாரம். பொண்ணு 2026 செப்டம்பர்ல இயர் 7 (செகண்டரில மொத வகுப்பு), அப்ளிகேஷன் கடைசி தேதி 2025 அக்டோபர் 31. பஸ்ல 40 நிமிஷம் தள்ளி ஒரு சர்ச் ஆஃப் இங்கிலாந்து ஸ்கூல், நல்ல பேரு, அங்க சேர தனியா ஒரு ஃபாரம், ரெண்டு வருஷமா மாசத்துக்கு எத்தன ஞாயிறு ஆராதனைக்கு வந்தீங்கன்னு விகார் கையெழுத்து போடணும். விகார் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் தயங்காம போட்டுக் குடுத்தாரு. ஃபாரத்துல ரெண்டு பெத்தவங்க பேருக்கும் எடம் இருந்துச்சு, அக்கா அவங்க எடத்த காலியாவே விட்டுட்டாங்க, வந்த ஞாயிற எண்ணிப் பாத்தேன், எழுதற அளவுக்கு இல்லன்னாங்க. ஊர்ல சொந்தக்காரங்க எல்லாரும் கிறிஸ்தவ ஸ்கூல்தான்னு ஒரே குரல்ல. ரெண்டு வாரம் பேசினாங்க. கடைசில மொத சாய்ஸா வீட்டுல இருந்து பத்து நிமிஷம் நடந்து போற சாதாரண ஸ்கூல போட்டுட்டு, சர்ச் ஸ்கூல ரெண்டாவது போட்டாங்க. அக்காவுக்கு நைட் ஷிஃப்ட் உள்ள வாரத்துல பொண்ணு தனியா பஸ் ஏறி வர வேணாம்னு ஒரு காரணம், கூடப் படிக்கிற பிள்ளைங்க எல்லாம் அங்கதான் போகுதுன்னு பொண்ணு சொன்ன காரணம் இன்னொண்ணு.